மிளகு ரசம்

இதுவரைக்கும் வேறென்ன கொடுத்தீங்க என்று
டாக்டர் ஹசீனா கேட்டபோது
ஒன்றுமில்லை என்றேன்.
மஞ்சள் பூத்த கண்ணோடு உத்திராபதி
மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் துப்பிவிட்டு வர எழுந்துபோன இடைவெளியில்
சொன்னேன்.

நீடாமங்கலத்தில் வாங்கியது. டைசல்ஃபிரம்.
கரண்டிக் காம்பால் நுணுக்கி
மிளகு ரசத்தில் கலந்தேன்.
சம்பளத்துக்கு முந்தின மூன்று நாள், கையில் காசில்லை,
ஒன்றும் தெரியவில்லை.
நான்காம் நாள் குவார்ட்டரோடு வந்தவர்
முகம் செக்கச்செவேலென்று
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதகடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.
மீன் கெட்டிருக்கும் என்றார்.
ஆமாம் என்றேன்.
பயத்தில் அவர் ஒரு மாதம் தொடவில்லை.
நானும் ஒரு மாதம் நிறுத்தவில்லை.

டாக்டர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.
சீட்டின் பின்பக்கம் கோடு கிழித்து எழுதினார்:
நீங்க கொடுத்தது ஈரலையே கடிக்கும், அது இனி வேண்டாம்.
நால்ட்ரெக்ஸோன் ஆசையைத் தணிக்கும்,
ஆனா இந்த மஞ்சளுக்கு யோசிக்கணும்.
பாக்லோஃபென், ஈரல் சுருங்கினவங்களுக்கே
கொடுத்துப் பார்த்திருக்காங்க;
தூக்கம் அமுக்கும், புத்தி தடுமாறுனா ஆபத்து.
அகாம்ப்ரோசேட் ஈரல் பக்கமே போகாது,
சிறுநீரகம் வழியா வெளியேறிடும்.
இதுல எது உசத்தின்னு அடிச்சுச் சொல்ல
இன்னும் ஆய்வு பத்தாது.

எப்போது திரும்பி வந்தாரோ,
வாசலில் நின்றபடி உத்திராபதி பேசினார்.
இருபத்தாறு வருடம் ஷட்டர் திருப்பிய லஸ்கர்.
"கரை உடைஞ்ச வாய்க்கால்ல விடாம
பக்கத்து வாய்க்கால்ல திருப்புறது.
அந்த வாய்க்கா தாங்குமான்னு பார்த்தாச்சா?"

டாக்டர் பேனாவை நிமிர்த்தி
முதல்முறையாக அவரைப் பார்த்தார்.
அதற்குத்தான் ரத்தம் எடுக்கச் சொல்கிறேன் என்றார்.

தாங்கும் என்று வந்தது.
காலை இரண்டு, மதியம் இரண்டு, ராத்திரி இரண்டு.
மதியத்தது அடிக்கடி மறந்துபோகும்;
சாவிக்கொத்தில் ஒரு டப்பா கட்டிவிட்டேன்.
இருபத்திரண்டாம் நாள் தவறினார்.
மறுநாள் டப்பாவை என் முன்னால் வைத்து
ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

இன்றைக்கு நாற்பத்தொன்று.
டாஸ்மாக் இருக்கும் தெற்குக் கரையை விட்டு
வடக்குக் கரை மேலேறிச் சுற்றி வருகிறார்,
ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல்.
ஆற்றில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்,
எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் முறை வரவில்லை.

ரசம் ஊற்றினால் மட்டும்
தட்டை ஒரு கணம் மூக்கருகில் தூக்குகிறார்.
நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.
மிளகு தூக்கல் என்கிறார்.
பிறகு பிசைந்து சாப்பிடுகிறார்.