நிழல் வாய்பாடு

எட்டரை மணிக்கு பீச் ஸ்திரீட்டில்
கடல்பக்கத்து வரிசை எனக்கு.
மாலை ஐந்துக்கு எதிர்வரிசை.
உச்சிவேளையில் யாருக்கும் எதுவும் இல்லை,
ஆபீசிலேயே சோறு.

பதினொரு வருடமாக
அஞ்சடி அஞ்சடியாக நடக்கிறேன்.
எந்தத் தூணோரம் யாருடைய மோட்டார்,
எந்தக் கடைக்காரர் வழியில் பெட்டி அடுக்குவார்,
எங்கே கூரை விட்டுப்போய்
ஏழடி வெயில்
எல்லாம் மனப்பாடம்.
அந்த ஏழடிக்கு ஒரு குடை.
மழைக்கு அதை விரிப்பதில்லை.
மழை என்னை ஒன்றும் செய்ததில்லை.

லூபஸ், என்றார் டாக்டர் ஃபௌசியா.
உங்கள் உடம்பின் காவலாளி
உங்களையே திருடி என்று நினைத்துவிட்டான்.
எங்கள் ஃபிளாட் ஜாகா நினைவுக்கு வந்தார்,
ஸ்டிக்கர் ஒட்டிய காரை
தினமும் நிறுத்திப் பெயர் கேட்பவர்.
சிரித்துவிட்டேன்.
அழுதது மருந்து வாங்கும் வரிசையில்,
3117ஆம் எண்ணைக் கூப்பிட்டபோது.

கன்னத்தில் படர்வதை
வண்ணத்துப்பூச்சி என்கிறது கையேடு.
கிட்ட வந்து பார்க்கட்டும்.
யாரோ அறைந்துவிட்டுப் போன கை அது.

"நல்லாத்தானே இருக்க" என்பார்
கிருத்திகை பூசையில் லோகாம்பாள்.
மாத்திரையில் ஊதிய முகத்தை
சதைபோட்டு லட்சணமாச்சு என்பார்.
முதல் மூன்று வருடம் விளக்கிச் சொன்னேன்.
ஐந்தாம் வருடம் சண்டை போட்டேன்.
இப்போது
பாயசத்தை வாங்கிக்கொள்கிறேன்.

சில காலைகளில் விரல் மடங்காது.
முதுகுக் கொக்கியை குணாளன் மாட்டுவான்.
அதில் காதல் ஒன்றுமில்லை,
பஸ்ஸுக்கு நேரமாகிறது.
மாட்டியபின் பிடரியில் ஒருதரம் ஊதுவான்,
தூசி தட்டுவதுபோல.
இருந்தால் அதில் இருக்கிறது.

எப்போது சரியாகும் என்று கேட்பதை
எந்த நாளில் விட்டேன், தெரியவில்லை.
பல் விழுந்த இடத்தை
நாக்கு மறப்பதுபோல
அது பாட்டுக்கு நின்றுபோனது.
மீண்டும் கேட்டுவிடுவேனோ என்று
சில ராத்திரி பயம் வரும்.

நேற்று பாடாங் கோத்தாவில்
காரை விட்டு இறங்காமல் காத்திருந்தேன்.
"போயிடுச்சும்மா, வாங்க" என்று
மேற்கே கைகாட்டிக் கத்தினாள் தர்ஷணா.
மற்ற பிள்ளைகள் செருப்புத் தேடும் நேரம்.
அவளுக்கு ஒரு அவித்த சோளம், மூன்று வெள்ளி.

கடல்சுவர் இன்னும் சுட்டது.
பகலெல்லாம் அது வாங்கி வைத்த வெயில்.
உள்ளங்கையை வைத்தேன்.
சோளம் தின்று முடிக்கும்வரை
எடுக்கவில்லை.