மூன்று கிலோ ஆணி

பூனாகலை முதல் பஸ்ஸில்
கடைசி ஸீட்டில் உட்கார்ந்து வந்தேன்.
தெரிந்தவர்கள் கேட்டால் சொல்ல
ஒரு பல்வலி வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
பாதி வழியில் பல் உண்மையாகவே வலித்தது.

காம்பராவில் தம்பியின் கட்டிலுக்கடியில்
மூன்று கிலோ ஆணி இருக்கிறது.
அடிக்க எங்களிடம் ஒரு பலகையும் இல்லை.
கூரைத் தகரத்தைக்கூடக்
கல் வைத்துத்தான் அழுத்தியிருக்கிறோம்.

கோழிக்கூடு கட்ட என்றான்.
கோழி எங்கேடா என்றேன்.
சிரித்தான்.
அந்தச் சிரிப்பு
யாரிடமோ கடன் வாங்கியது.

கடைத்தெரு ஆட்களை
இப்போது 'அதுகள்' என்கிறான்.
இவன் ஓ.எல். எழுதப் போனபோது
கடனுக்குச் சப்பாத்துக் கொடுத்தவரையும்
அதில் சேர்த்துவிட்டான்.
எந்தக் கொடி, யார் பேச்சு என்று
நீங்கள் கேட்க வேண்டாம்.
சொன்னால் உங்களில் பாதிப்பேர்
நிம்மதியாகிவிடுவீர்கள்.

நேற்றிரவு ஃபோனில் மெதுவாகப் பேசினான்.
செவ்வாய்க்கிழமை, ஒன்றரை மணி, சந்தி.
மூன்று சொல்தான் விழுந்தது காதில்.
ஒன்றரைக்குச் சந்தியில்
பள்ளிக்கூடம் விடும்.

பண்டாரவளையில் பொலிஸ் வாசலை
இரண்டு தரம் தாண்டிப் போனேன்.
ஒரு தரம் பாண் வாங்கினேன்.
அடையாள அட்டை இல்லையென்று
அப்பாவை இங்கேதான்
இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.
திரும்பி வந்தவர் சாகும்வரை
வலது காதைத் திருப்பித்தான்
பேச்சுக் கேட்டார்.

பெயர்?
புஷ்பலோஜினி.
உறவு?
அக்கா.
நான் சொல்லச் சொல்ல
கான்ஸ்டபிள் சிங்களத்தில் எழுதினார்.
அழுத இடத்திலும் அழாத இடத்திலும்
ஒரே மாதிரி வட்ட எழுத்து.
அதற்குள் டிலோஷன் எங்கே இருக்கிறான் என்று
தேடிப் பார்த்தேன்.
கிடைக்கவில்லை.
கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

நல்ல வேலை செஞ்சீங்க தங்கச்சி
என்றார், கொச்சைத் தமிழில், அன்பாக.
பாண் என் மடியில் நசுங்கியிருந்தது.

எழும்பும்போதுதான் ஞாபகம் வந்தது.
பையிலிருந்து அவனுடைய நீல இன்ஹேலரை எடுத்து
மேசையில் வைத்தேன்.
'ராவுல இழுக்கும் சேர்.
குளிர்த் தரையில போடாதீங்க.
இதக் குலுக்கிட்டுக் குடுக்கணும்.'

அவர் அதை வாங்கி
முன்னும் பின்னும் பார்த்து
ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு
வாயை ஒட்டி
மேலே இலக்கம் எழுதினார்.