இதரப் பொருள்

சேரம்பாடியில் மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.
கூட்டம் ஒன்பதரைக்கு என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன்.
மரம் விழுந்த வளைவில் உஸ்தாதின் ஜீப் நின்றுவிட
பத்தேகால் ஆனது.
சிஸ்டர் எல்சம்மா குடையை மூலையில் விரித்து வைத்தார்.
அதிலிருந்து இறங்கிய நீர்
என் வருகைப் பதிவேட்டருகே வந்து நின்றது.

சமய போதனைக்கான உள்ளூர் மேற்பார்வைக் குழு.
பெயர்தான் நீளம்.
ஆறு நாற்காலி, அதில் ஒன்று ஆட்டம்.
ஆடும் நாற்காலியில் எப்போதும்
டான்டீ லைன் சிவபாக்கியம்தான் உட்காருவார்.
ஐந்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர்.
"எனக்கு ஆட்டம் பழக்கம்" என்பார்.

பொருள் ஒன்று: சென்ற கூட்டக் குறிப்பு. ஏற்கப்பட்டது.

பொருள் இரண்டு: வியாழன் மூன்றாம் பாடவேளை.
ஐந்தாம் வகுப்பறையில் உஸ்தாத்,
நூலக மேசையில் சிஸ்டர்,
தேவாரம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற லைன்மேன் திருஞானம்
ஒழுகாத ஒரே அறையில்.
அந்த அறை இனி யாருக்கு என்பதில்
நாற்பது நிமிடம் போயிற்று.
கடவுள்கள் நனையலாம்,
பிள்ளைகள் நோட்டு நனையக் கூடாது
என்பதில் மட்டும் மூவரும் ஒற்றுமை.
"சுழற்சி முறையில்" என்று எழுதினேன்.

பொருள் மூன்று: போக்குவரத்துப் படி.
ஆளுக்கு எண்பது ரூபாய்.
ஜீப்காரர் நூற்றிருபது கேட்கிறார்.
"மூணு பேரும் ஒரே ஜீப்புல வந்தா என்ன?"
உஸ்தாத்தான் கேட்டார். சிரிப்பு.
குறிப்பில் சேர்க்கவில்லை.

பொருள் நான்கு: தலைவர் அனுமதியுடன் இதரப் பொருள்.
சிவபாக்கியம் பட்டியலில் விரல் வைத்தார்.
"இதரர் ஒம்பதுன்னு போட்டிருக்கே,
அதுங்க வியாழக்கிழமை எங்க இருக்கும்?"

தலைமையாசிரியர் எழுந்து
ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார்.

பணியர் பிள்ளைகள் ஏழு, காட்டுநாயக்கர் இருவர்.
சேர்க்கைப் படிவத்தில்
மதம் என்ற கட்டத்துக்குள் வைத்த கைநாட்டு
கோடு தாண்டி அப்பியிருக்கும்.
அதன் பக்கத்தில் "இதரர்" என்று எழுதியது நான்,
நல்ல கையெழுத்தில்.

"மேற்பார்வைன்னா போய்ப் பார்க்கணுமில்ல?"
அவர் எழுந்துவிட்டார்.
நாற்காலி ஒருமுறை ஆடி நின்றது.

சத்துணவுக் கூடத்தில் இருந்தார்கள்.
எண்ணினேன். பதினாறு.
மறுபடி எண்ணினேன்.
உஸ்தாத் தன் பிள்ளைகள் நால்வரைக் கண்டார்,
சிஸ்டர் இருவரை,
திருஞானம் ஒருவனை. தன் பேரனையே.
ஆசிரியர் மூவரும் கூட்டத்தில் இருந்தால்
பிள்ளைகள் எங்கே போகும்?
அடுப்பு எரிகிற இடத்துக்கு.

அங்கே ஒரு சட்டம் இருந்தது.
அதிகம் நனைந்தவர் அடுப்புக்குப் பக்கத்தில்.
உலர்ந்ததும் நகர வேண்டும்.
சமையல் உதவியாளர் ரமணி கரண்டியால் தட்டுவாள்,
வட்டம் ஓர் இடம் தள்ளும்.
நாற்பது நிமிடம் ஆகவில்லை அதற்கு.

நான்காம் வகுப்பு பொம்மன் எங்களைப் பார்த்துக் கேட்டான்:
"சாமியெல்லாம் ஒழுங்கா வேலை பாக்குதான்னு
செக் பண்ண வர்றவங்க நீங்கதானே?"

உஸ்தாத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.
"உங்க சாமி எதுடா?" என்றார் திருஞானம்.
"மரத்தடில. கல்லு.
மழைன்னா மேல இலை வெச்சுட்டு வருவோம்."
சொல்லிவிட்டு நகர்ந்தான்.
கரண்டி தட்டியிருந்தது.

திரும்பி வந்து தீர்மானம் எழுதினோம்.
சத்துணவுக் கூடத்துக்குத் தார்ப்பாய் ஒன்று, விறகு,
சிஸ்டர் வற்புறுத்தியதால் கோரைப்பாய் ஐந்து.
நிதி: சமய ஆசிரியர்கள் மூவரும்
ஒரே ஜீப்பில் வருவதால் மீதமாகும்
மாதம் நானூற்று எண்பது ரூபாய்.
முன்சீட்டு யாருக்கு என்று தீர்மானத்தில் இல்லை.

ஒன்பது பேருக்கு யார், என்ன சொல்லித்தருவது
என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.
அதிலிருந்து அதற்கடுத்ததற்கு.

இப்போது மேசையில் ஒரு கடிதம்.
இதரர் ஒன்பது இருக்கவேண்டிய கட்டத்தில்
பதினாறு என்று நான் எழுதியதை
தணிக்கைக்காரர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்.
ஏழு பேர் கூடியதற்கு
ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"குளிர்" என்று எழுதியிருக்கிறேன்.
ஒரு சொல் போதுமா என்று பார்க்கிறேன்.