வெப்பம் போகும் பக்கம்

குளிர் என்று தனியாக ஒன்று கிடையாது என்றார் பயிற்றுநர்.
அவருக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு.
சாக்பீஸால் ஒரு பெட்டி வரைந்து
உள்ளிருந்து வெளியே அம்புக்குறி போட்டார்:
இங்கே இருக்கிற சூட்டை எடுத்து
அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்,
அவ்வளவுதான்.
பையன்கள் குறித்துக்கொண்டார்கள்.
நான் பேனாவை மூடினேன்.
இந்த வேலையைப்
பதினோரு வருடம் செய்திருக்கிறேன்.

திங்கள் சின்ன ஏர்வாடி, செவ்வாய் கீழமுந்தல்,
புதன் வாலிநோக்கம், வியாழன் மாரியூர்.
காலை ஏழு மணிக்குப் பாய் விரித்திருக்கும்.
பெண்கள் எழுந்து கைநீட்டி உறுதிமொழி சொல்வார்கள்:
தவணையைத் தவறாமல் கட்டுவேன்,
கட்ட முடியாதவளுக்காக நாங்கள் கட்டுவோம்.
இடுப்பிலிருக்கும் பிள்ளையும்
கடைசி வார்த்தையில் சேர்ந்துகொள்ளும்.
என் பெயர் நாகவள்ளி. அங்கே யாருக்கும் அது தெரியாது.
கலெக்சன் அக்கா.
மதுரையில் ஏ.சி. அறைக்குள் யாருக்கோ வேர்க்கக் கூடாதென்று
இந்தக் கூரைகளுக்குள்
சூட்டைக் கொட்டிவிட்டு வருவேன்.

தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடந்த ஒரு திங்கள்.
முத்துராக்கு வரவில்லை.
ஒருத்தி குறைந்தால் எவளும் பாயைவிட்டு எழக் கூடாது.
விதியைச் சத்தமாகச் சொன்னது நான்தான்.
பதினொன்றே காலுக்கு வந்தாள், கடலிலிருந்து நேராக,
விரல்களில் சுற்றிய துணியோடு,
முழங்கையில் பாசி ஒட்டியபடி.
முந்தி முடிச்சை அவிழ்த்தாள்.
நானூற்று எழுபது ரூபாய், அத்தனையும் ஈரம்.
ஈர நோட்டை ஆபீசில் வாங்கமாட்டார்கள்.
ஸ்கூட்டி சீட்டில் ஒவ்வொன்றாய் விரித்து,
மேலே சிப்பி வைத்துக் காயவைத்தேன்.
எல்லோரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
விடவில்லை.
இன்னும் பதினான்கு மாதம் போனேன்.
நகை அடகில் இருந்தது.
"முப்பத்தெட்டு வயசுல ஐ.டி.ஐ.யா" என்றார் திரவியம்,
"ஸ்பானர் பிடிக்கிற கையா இது?"
மூன்று நாள் கழித்து
அவரே விண்ணப்பம் வாங்கிவந்து
ஒன்றும் பேசாமல் டிவி மேல் வைத்தார்.

இப்போது ஆறு ஐம்பது பஸ்.
ராமநாதபுரம் வரை கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்று.
செம்புக் குழாயைப் பற்றவைக்கக் கற்ற முதல் வாரம்
புருவம் கருகியது.
பையன்கள் சிரித்தார்கள். பிறகு அக்கா என்றார்கள்,
முன்னால் ஒரு சொல்லும் ஒட்டாமல்.

சனிக்கிழமைதான் கொஞ்சம் சிரமம்.
சம்பளம் நின்ற வீட்டுக்கும் அரிசி வேண்டுமே.
வேறு கம்பெனி, வேறு பாய்.
டை கட்டிய சின்னப் பையன் வந்து நிற்க
நானும் எழுந்து கைநீட்டுகிறேன்.
நடுவில் அவனுக்கு மறந்துபோனது ஒருநாள்.
எடுத்துக் கொடுத்தேன்.

பயிற்சிக்குக் கீழக்கரை ஐஸ் பிளான்ட்டில் போட்டார்கள்.
கம்ப்ரஸர் பெல்ட் தேய்ந்து ராத்திரியெல்லாம் கத்தியதாம்.
நானும் யாசரும் மாற்றினோம்.
சாயங்காலம் நாலு மணிக்குத்
தொட்டியிலிருந்து கட்டி எழுந்தது,
நடுவில் மட்டும் பால் நிறமாய்.
உடைக்கிற இடத்தில் மீன்கூடையோடு முத்துராக்கு.
காக்கிச் சட்டை, தலையில் துண்டு, கன்னமெல்லாம் கிரீஸ்.
இருந்தும் கண்டுபிடித்துவிட்டாள்.
வாய் சிரிக்கத்தான் செய்தது.
கை மட்டும், அவளைக் கேட்காமலே,
முந்தி முடிச்சுக்குப் போனது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஐஸுக்குக் காசு கொடுக்கத்தானே வேண்டும்.
அரைக் கட்டிக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு,
"இங்கயும் நீதானா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.
அது கேலியா, வேறெதுவுமா, இன்னும் தெரியவில்லை.

பின்பக்கம் போய்
விசிறி வெளியே தள்ளும் சூட்டில் கையை நீட்டினேன்.
அந்தச் சுவரோரம் கயிறு கட்டி
யாரோ ஒரு ஈரக் கைலியைக் காயப்போட்டிருந்தார்கள்.