முப்பத்தேழு பூச்சியங்கள்

கெலுகோர் மேட்டில் ஆறாம் மாடி.
குளிரூட்டி ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் சொட்டும்.
அடியில் வைத்த ஐஸ்கிரீம் டப்பா நிரம்பினால்
எழுந்துபோய் ஊற்றுவது நான்தான்.
கடல்சார் கொள்கை, முதுகலை, மூன்றாம் பருவம்.
சன்னலில் பாலம் தெரியும்.
கடல் வேண்டுமென்றால் எட்டிப் பார்க்க வேண்டும்.

என் வினாத்தாளில் பதினான்காம் கேள்வி:
இந்தக் கரை இப்படியே இருக்க
ஆண்டுக்கு எத்தனை ரிங்கிட் தரச் சம்மதம்?
மலாயில் எழுதினேன். தமிழில் எழுதினேன்.
ஹொக்கியனில் கேட்கப் பெய் ஷான் கூட வந்தாள்.
மூன்று மொழியிலும் அது
வட்டிக்காரன் குரலில்தான் வந்தது.

தெலுக் கும்பார் படகுத்துறை, காலை ஏழு.
வலையிலிருந்து நண்டைப் பிரிக்கிற கைகள்
பேனாவை வாங்கவில்லை.
நானே கேட்டேன், நானே எழுதினேன்.
ஐந்து. பத்து. பத்து.
ஒருவர் ஐம்பது என்றார்;
அவருக்குப் படகு இல்லை, எதிரே காப்பிக்கடை.
ரொஸ்னானி கத்தியைத் தொட்டி நீரில் அலசிவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள்.
என் வாசல் என்னிடமே இருக்க
நான் ஏன் காசு தரணும்?
எழுது, கொசோங்.

கொசோங்.
பூச்சியத்துக்கும் காலிக்கும்
சீனி போடாத தேநீருக்கும் ஒரே சொல்.
அது படகு விட்டுப் படகு தாவியது.
வெயில் ஏறுவதற்குள் முப்பத்தேழு.

இதை எதிர்ப்புப் பூச்சியம் என்பார்கள்,
என்றார் மேற்பார்வையாளர் டாக்டர் குவா.
கேள்வியையே மறுக்கிறவர்கள். சராசரியைக் கெடுப்பார்கள்.
நீக்கிவிடுங்கள், வழக்கம்தான்.
கெட்டவர் இல்லை அவர்.
களப்பணிக்கான பெட்ரோலைத்
தன் சட்டைப் பையிலிருந்து தந்தவர்.

நீக்கினேன்.
வரிசைகளைத் தேர்ந்து ஒரு விசை, அவ்வளவுதான்.
மிச்சமிருந்த இருநூற்றுப் பதினோரு பேருக்குக் கடல்
இருபத்துமூன்று ரிங்கிட் நாற்பது சென்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலில் மண் போடுகிறவர்கள்
அளந்துதான் போடுகிறார்கள், கன மீட்டரில்.
அவர்கள் மேசையில், அவர்கள் கணக்கில்,
வேண்டாம் என்று சொல்லத்தான் இங்கே சேர்ந்தேன்.
வேண்டாம் என்பதை
எத்தனை தசம இடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று
சொல்லித் தருகிறார்கள். நன்றாகவே சொல்லித் தருகிறார்கள்.

போன வருடம் முடித்த விமலேசுவரன்
மண் கொட்டும் கம்பெனிக்குத் தாக்க அறிக்கை எழுதுகிறான்.
எட்டுப் பெட்டி, வண்ண அச்சு.
மின்தூக்கி பழுதான நாளில்
ஒரு கை கொடேன் என்றான்.
கொடுத்தேன். இரண்டு மாடி.
பெட்டி கனமாக இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
எனக்கும் கல்விக்கடன் இருக்கிறது.
படிப்பு முடிந்ததும் மாதம் நூற்று எண்பது,
தரச் சம்மதமா என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரவு பதினொன்றரைக்கு
நீக்கியதை மீட்டேன். திரும்ப நீக்கினேன்.
பிறகு தனியாக ஓர் அட்டவணை போட்டு
முப்பத்தேழையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன்.
வாயைத் திறந்த முப்பத்தேழு மீன்கள் மாதிரி இருந்தது.
உவமை வேண்டாம் என்று டாக்டர் குவா சொல்வார்.
பக்கத்தில் ஆளுக்கொரு வரி, அவரவர் சொன்னபடி.
இது தரவா, பின்னிணைப்பா,
வாய்மொழித் தேர்வில் என் கழுத்துக்குக் கயிறா, தெரியவில்லை.

சனிக்கிழமை மறுபடி போனேன், வினாத்தாள் இல்லாமல்.
ரொஸ்னானிக்கு என் முகம் ஞாபகமில்லை.
நண்டு என்ன விலை என்றேன்.
கிலோ முப்பத்தெட்டு.
முப்பத்தைந்துக்கு வருமா?
வராது.
தராசை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்,
ஒரு கிராம் பிசகில்லை.

திரும்பும் பேருந்தில்
மடியிலிருந்த பையைக் கொடுக்கு ஒன்று
உள்ளிருந்து தட்டிக்கொண்டே வந்தது.