அறுநூறு டிகிரியில் நீலம்

ரஃபாயெலாவில் ஜனவரி.
மதியம் இரண்டு மணிக்கு அர்ஜென்டினாவே
ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்குகிறது.
எங்கள் பட்டறை அடுப்புக்கு மட்டும் உறக்கமில்லை.

டெல்மோ ஜிரௌதோ
பால் லாரியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச்
சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்.
வைத்ததும் மேசை முனகியது.
"நீலம், நெலிதா. கேபினின் அதே நீலம்."

சொன்னேன்:
வேலி, சைக்கிள், கட்டில், பள்ளிக்கூட ஜன்னல்,
எதை வேண்டுமானாலும் நீலமாக்கலாம்.
இது எரிந்த டீசல் வெளியேறும் தொண்டை.
முழுச் சுமையோடு போனால் அறுநூறு டிகிரி.
அந்தச் சூட்டுக்கு
கறுப்பு தெரியும், சாம்பல் தெரியும், வெள்ளி தெரியும்.
துருவும் தெரியும்,
அதை யாரும் பூச வேண்டியதில்லை.

மாத்தேக் குழலைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு
"சனிக்கிழமைவரை தாங்கினால் போதும்" என்றார்.

லாரி விலைக்கு என்று
அப்போதுதான் உறைத்தது.

சரி, கறுப்பிலாவது செய்வோம் என்று
மணல் வீசித் துலக்கினேன்.
மரைகளுக்கு ரப்பர் அடைப்பான்.
கொக்கியில் மாட்டி, வெறும் இரும்பாகவே அடுப்பில் விட்டேன்.
பவுடர் படுமுன் ஒருமுறை வேர்க்க வேண்டும் அது.
வார்ப்பிரும்பு குடித்த எண்ணெயெல்லாம்
இப்போது வராவிட்டால்
பிறகு கொப்புளமாய் வரும்.
இருநூற்று முப்பது. ஒரு மணி நேரம்.

கதவைத் திறந்தேன்.
மூன்றாம் வாய்க்கும் நான்காம் வாய்க்கும் நடுவே
மை தீட்டியதுபோல் ஒரு கோடு.
துடைத்தேன்.
மறுபடி கசிந்தது.

"கொஞ்சம் கெட்டியாய் அடித்தால் மறைந்துவிடாதா?"

கெட்டியாய் அடித்தால் உரியும், டெல்மோ.
சூடு தாங்கும் பவுடர்
வெங்காயச் சருகு கனத்துக்குத்தான் நிற்கும்.
அப்புறம்,
என் பிழைப்பு பூசுவது.
பூசி மெழுக வேறு ஆள் பாருங்கள்.

விரிசலின் இரண்டு முனையிலும்
சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடு இழுத்துத்
திருப்பிக் கொடுத்தேன்.
எரிந்த கேஸுக்குக்கூடக் காசு வைக்கவில்லை மனுஷன்.
கம்ப்ரசர் தவணை இரண்டு மாதம் பாக்கி;
பங்காளி ஓவிதியோ அன்று முழுக்க
என்னிடம் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுத்தான் பேசினான்.

பிப்ரவரி முடியும்போது யமிலா வந்தாள்.
இருபத்தாறு வயதிருக்கும். சொந்த லாரி, முதல் லாரி.
குழந்தை குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில்
அந்த மேனிஃபோல்ட்.

யாரோ ஸ்பிரே டப்பாவில் அடித்த நீலம்
ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கி,
ஓரமெல்லாம் பழுப்பேறி,
தொட்ட விரலோடு வந்தது.
"வாங்கும்போது பளபளவென்று இருந்தது" என்றாள்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது;
இவள் நீலத்தையும் நம்பியிருக்கிறாள்.
"இதே நிறத்தில் செய்து தருவீர்களா?
கொஞ்ச நாளாய் ஏதோ டிக்டிக் என்றும் சத்தம் வருகிறது."

ஓவிதியோ என்னைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு, அவனாகவே
ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

கம்பித் தூரிகையால் நீலத்தைச் சுரண்டினேன்.
அடியில்
என் இரண்டு வெள்ளைக் கோடுகளும் அப்படியே.
சுண்ணாம்புக்கு இந்தச் சூடெல்லாம் ஒரு பொருட்டா.

விரிசல்தான்
ஒரு கோட்டைத் தாண்டி
விரற்கடை தூரம் போயிருந்தது.