இரண்டு குறொஸ்

ஸ்ரான்லி வீதிக் கடையில்
கண்ணாடி மேசைமேல் இரண்டு குறொஸ்.
ஒன்றில் கிறீஸ் நிப்பிள்.
மற்றது மூடியே பிறந்தது.

“இதைப் பூட்டினா மறந்திடலாம் மிஸ்”
என்றார் யேசுரட்ணம்.

மறந்ததால்தானே வந்தேன்.
பண்ணைப் பாலத்தில் கிளச்சை விட
இருக்கைக்கடியில் டொக் என்று
யாரோ கதவு தட்டினார்கள்.

வேர்னியரின் வாய்க்குள் கிண்ணத்தை வைத்தேன்:
இருபத்துமூன்று தசம் எட்டு.
இரண்டும் அளவுதான்.
துளைபோட்ட உடம்புக்கு வலு குறைவு,
அதுவும் உண்மைதான்.
ஆனால் உப்புக்காற்று உள்ளே போனதை
மூடியது சொல்லாது.

நிப்பிள் வைத்ததையே கட்டித் தாருங்கள்.
மாதம் ஒருக்கால் மிட்ஜெட்டின் கீழே
பாய் விரித்துப் படுக்க வேண்டிவரும்.
படுப்பேன்.

இரவு, பழையதைக் கழற்றி
ஊசிகளை எண்ணினேன்.
ஒரு கிண்ணத்தில் இருபத்திரண்டு.
எதிர்க் கிண்ணத்தில் பத்தொன்பது,
மிச்சம்
விரல் நுனியில் செந்தூள்.